மைனஸ் விலை எண்ணெயும் எழுபது ரூபாய் பெட்ரோலும்

2020 ஏப்ரல் 20 அன்று நியூயார்க் சந்தையில் ஒரு பீப்பாய் கச்சா எண்ணெயின் விலை மைனஸ் 37.63 டாலர். எண்ணெயையும் கொடுத்து, எடுத்துப்போகக் காசும் கொடுத்தார்கள். அன்று டெல்லி பங்கில் பெட்ரோல் லிட்டர் 69.59 ரூபாய். "சும்மா கிடைப்பதை எழுபது ரூபாய்க்கு விற்கிறார்களே" என்று வாட்ஸ்அப் கொதித்தது. நானும் அதை இரண்டு பேருக்கு அனுப்பியவன்தான். கோபத்தில் நியாயம் இருந்தது, கணக்கில் இல்லை.

மைனஸுக்குப் போனது அமெரிக்க எண்ணெயின் மே மாத முன்பேர ஒப்பந்தம் (பின்னால் பெறப்போகும் சரக்குக்கு முன்கூட்டியே விலை பேசிக்கொள்வது) மட்டுமே. மறுநாளோடு அதன் கெடு முடியவிருந்தது. அதை வைத்திருப்பவர் ஓக்லஹோமா மாநிலத்தின் குஷிங் என்ற ஊரில் எண்ணெயைப் பெற்றுக்கொள்ள வேண்டும். கொரோனா முடக்கத்தால் அங்கே கிடங்குகளில் இடமில்லை. குதிர் இல்லாதவன் வாசலில் நெல் வண்டி வந்து நின்ற கதை. அதே நாளில் ஜூன் மாத ஒப்பந்தம் சுமார் 20 டாலருக்கு விற்றது. இந்தியாவுக்கான கச்சா விலை ஓமன், துபாய், பிரென்ட் எண்ணெய்களை வைத்துக் கணக்கிடப்படுகிறது. அந்த மாதம் அதுவும் 20 டாலர் அளவில்தான் இருந்தது.

அப்படியும், ஒரு பீப்பாய்க்கு 159 லிட்டர் என்று வகுத்தால் லிட்டர் பத்து ரூபாய்கூட வரவில்லையே? இங்கேதான் இரண்டாவது சறுக்கல். 159 லிட்டர் கச்சா எண்ணெய் 159 லிட்டர் பெட்ரோல் ஆகாது. ஏறத்தாழ 350 டிகிரிக்குச் சூடாக்கிக் கோபுரத்துக்குள் செலுத்தினால், கொதிநிலைப்படி அது பிரிகிறது: உச்சியில் எரிவாயு, அதன் கீழே நாஃப்தா என்ற இலேசான திரவம், மண்ணெண்ணெய், டீசல், அடியில் தார் போன்ற கசடு. நாஃப்தாவின் ஆக்டேனை, அதாவது எஞ்சினில் தட்டாமல் எரியும் திறனை, உயர்த்திய பிறகே அது பெட்ரோலில் சேரும். பெட்ரோலுக்கும் டீசலுக்கும் உலகச் சந்தையில் தனித்தனி விலை உண்டு. நம் எண்ணெய் நிறுவனங்கள் பின்பற்றுவது அதைத்தான். உக்ரைன் போர் தொடங்கிய பிறகு டீசல் விலை கச்சா விலையை வெகுதூரம் முந்தி ஓடியது இதனால்தான்.

மிச்சம் வரி. மத்திய அரசின் கலால் வரி சதவீதம் அல்ல, லிட்டருக்கு இத்தனை ரூபாய் என்ற நிலையான தொகை. கச்சா எண்ணெய் பாதியாகச் சரிந்தாலும் அது தானாகச் சரியாது. 2020 மே மாதம் அது பெட்ரோலுக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் உயர்ந்து, பெட்ரோலில் 32.98 ரூபாயைத் தொட்டது. அந்த உயர்வால் பங்கில் விலை ஏறவில்லை. கச்சா எண்ணெயின் சரிவு அதை விழுங்கிவிட்டது. நம் சட்டைப்பைக்கு வரவேண்டிய தள்ளுபடி, சத்தமில்லாமல் கருவூலத்துக்குப் போனது. வாட்ஸ்அப் இதற்கல்லவா கொதித்திருக்க வேண்டும்!

"விலையைச் சந்தைதான் தீர்மானிக்கிறது, அரசுக்குத் தொடர்பில்லை" என்பது ஆட்சியில் இருப்பவர்கள் சொல்லும் வாதம். காகிதத்தில் சரி: பெட்ரோல் 2010-லும் டீசல் 2014-லும் கட்டுப்பாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டன, 2017 ஜூன் முதல் தினசரி விலை மாற்றம். ஆனால் 2021 நவம்பர் தொடக்கத்தில் கலால் வரி குறைக்கப்பட்ட பிறகு, நான்கரை மாதம் எண்ணெய் நிறுவனங்கள் விலையைத் தொடவே இல்லை. இடையில் கச்சா எண்ணெய் 120 டாலரைத் தாண்டியது. உத்தரப் பிரதேசம் உள்ளிட்ட ஐந்து மாநிலத் தேர்தல் முடிவுகள் மார்ச் 10 அன்று வந்தன. மார்ச் 22 அன்று பெட்ரோல் 80 பைசா ஏறியது.