உப்பு இருக்கிறது, தண்ணீர்தான் கூடிவிட்டது

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் வயதானவர்களை ஆஸ்பத்திரியில் சேர்த்தால் அடிக்கடி காதில் விழுவது: “சோடியம் இறங்கிடுச்சு.” ஆச்சி இரண்டு நாளாகச் சம்பந்தமில்லாமல் பேசியிருப்பார், நடை தள்ளாடியிருக்கும். ரத்தப் பரிசோதனையில், உப்பில் இருக்கும் அந்தச் சோடியம் 118 என்று வரும். கூட வந்தவருக்குக் குழப்பம்: “ஊறுகா இல்லாம ஒரு வாய் இறங்காதே அவுகளுக்கு, உப்பு எப்படிக் கொறஞ்சுச்சு?”

நியாயமான கேள்வி. ஆனால் அந்த எண் உடம்பில் மொத்தம் எவ்வளவு உப்பு இருக்கிறது என்று சொல்வதில்லை. ஒரு லிட்டருக்கு எத்தனை மில்லிமோல் (துகள்களை எண்ணும் அலகு) சோடியம் என்ற விகிதம் அது. 135 முதல் 145 வரை இருக்க வேண்டும். ரசத்தில் உப்புக் குறைவாகத் தெரிய இரண்டு காரணம் இருக்கலாம். உப்பைக் குறைத்துப் போட்டிருக்கலாம், அல்லது சரியாகப் போட்ட பிறகு யாரோ ஒரு செம்பு தண்ணீர் ஊற்றியிருக்கலாம். பெரும்பாலும் நடப்பது இரண்டாவதுதான்.

உடம்பின் தண்ணீரில் மூன்றில் இரண்டு பங்கு செல்களுக்குள்ளே இருக்கிறது. செல்லின் சவ்வைத் தாண்டித் தண்ணீர் தாராளமாகப் போய்வரும். சோடியத்துக்கு அந்தச் சலுகை இல்லை. சவ்வில் இருக்கும் ஒரு பம்ப், மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கிறது. இந்தப் பம்பைப் பற்றி 1957-இல் எழுதிய டென்மார்க் விஞ்ஞானி யென்ஸ் ஸ்கோவுக்கு 1997-இல்தான் நோபல் பரிசு வந்தது. சோடியம் வெளியே நிற்பதால், தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. ரத்தம் நீர்த்துப்போனால் தண்ணீர் செல்களுக்குள் புகும், செல்கள் வீங்கும். கையிலும் காலிலும் வீங்க இடம் உண்டு. மண்டை ஓட்டுக்குள் ஏது இடம்? ஆச்சியின் பேச்சுக் குழம்புவது அதனால்தான். இன்னும் இறங்கினால் வலிப்பே வரும்.

இந்த விகிதத்தைக் காவல் காப்பது மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதாலமஸ். ரத்தத்தின் செறிவு நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு கூடினாலே தாகம் எடுக்க வைக்கும். கூடவே வாசோபிரெசின் என்ற ஹார்மோன் சுரக்கும். சிறுநீரகங்கள் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் வடிகட்டி, அதில் ஒன்றரை லிட்டரை மட்டும் வெளியே விடுகின்றன. எவ்வளவு தண்ணீரைத் திருப்பி எடுக்கலாம் என்று அவற்றுக்குச் சொல்வது இந்த ஹார்மோன். ரத்தம் நீர்த்தால் ஹார்மோன் நிற்கும், கூடுதல் தண்ணீர் சிறுநீராகப் போய்விடும். சரி, அப்புறம் ஏன் கோளாறு? வாந்தி, வலி, நிமோனியா, சில மனச்சோர்வு மாத்திரைகள், இவையும் அதே ஹார்மோனைச் சுரக்க வைக்கும். பிரஷருக்குக் கொடுக்கும் தையசைடு வகை நீர் மாத்திரை, சிறுநீரை நீர்க்கச் செய்யும் திறனையே குறைத்துவிடும், உப்பும் வெளியேறும். வயதும் சேர்ந்துகொள்ளும்.

பலரும் கவனிக்காத இன்னொன்று சாப்பாடு. சிறுநீரகத்தால் வெறும் தண்ணீரை வெளியே அனுப்ப முடியாது. ஒவ்வொரு லிட்டரோடும் கொஞ்சம் உப்போ யூரியாவோ போயாக வேண்டும். யூரியா புரதத்திலிருந்து வருவது. பிள்ளைகள் சிங்கப்பூரிலும் சென்னையிலும் இருக்க, அவ்வளவு பெரிய வீட்டில் தனியாக இருப்பவர் தனக்கென்று என்ன சமைப்பார்? காலையில் இரண்டு இட்லி, மத்தியானம் கொஞ்சம் ரசஞ்சோறு, ராத்திரிக்குக் கஞ்சி. “வெயில் கொளுத்துது, நல்லா தண்ணி குடிங்க” என்று போனில் அறிவுரை வேறு. அந்தச் சாப்பாட்டுக்கு அவ்வளவு தண்ணீர் கழியாது. நேர் எதிராகவும் நடக்கும்: வயதானால் தாகம் மங்கும், கத்திரி வெயிலில் குடிக்கவே தோன்றாமல் சோடியம் ஏறிவிடும். பேச்சு அப்போதும் குழம்பும். பரிசோதிக்காமல் எது என்று சொல்ல முடியாது.

“ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க டாக்டர்” என்று சொந்தக்காரர்கள் கேட்பது வழக்கம். குளுக்கோஸை உடம்பு எரித்துவிட்டால் மிஞ்சுவது வெறும் தண்ணீர்; சோடியம் இன்னும் இறங்கும். உப்புநீரை வேகமாக ஏற்றினாலும் ஆபத்துதான். இரண்டு நாளுக்குள் மூளை செல்கள் தங்களிடமிருந்த கரைபொருள்களை வெளியேற்றி வீக்கத்தைச் சமாளித்துக்கொண்டிருக்கும். திடீரென வெளியே உப்பு கூடினால் அவை சுருங்கி, மூளைத்தண்டின் நரம்பு உறைகள் சிதையக்கூடும். அதனால் ரத்தத்தின் சோடியம் எண் 24 மணி நேரத்தில் லிட்டருக்கு 8 முதல் 10 மில்லிமோலுக்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொள்கிறார்கள். பலருக்கு வைத்தியமே குடிக்கும் தண்ணீரைக் குறைப்பதுதான். நம்மவர்களுக்கு இது வைத்தியமாகவே தெரியாது.

வயிற்றுப்போக்கு வேறு கணக்கு. அதில் தண்ணீரோடு சோடியம், பொட்டாசியம், பைகார்பனேட் எல்லாம் போகிறது. ரத்தத்தின் பிஎச் (அமில-கார அளவு) 7.35-க்கும் 7.45-க்கும் இடையில் நிற்க, அமிலத்தை முறிக்கும் பைகார்பனேட் வேண்டும். அது குறைந்தால் அமிலம் கூடும்; நுரையீரல் சில நிமிடங்களிலேயே மூச்சை வேகமாக்கிக் கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றி ஈடுகட்டப் பார்க்கும். சிறுநீரகம் முழுதாகச் சுதாரிக்கச் சில நாளாகும். தண்ணீரில் கலந்து குடிக்கும் ஓ.ஆர்.எஸ். என்ற உப்பு-குளுக்கோஸ் பொட்டலத்தில் சிட்ரேட் இருப்பது இந்தப் பைகார்பனேட்டுக்காகத்தான். உடம்பு அதைப் பைகார்பனேட்டாக மாற்றிக்கொள்ளும். அதிலுள்ள குளுக்கோஸ் தெம்புக்காக அல்ல: குடல்சுவரில் குளுக்கோஸும் சோடியமும் ஜோடியாகத்தான் உள்ளே நுழையும், தண்ணீர் பின்னாலேயே வரும்.

இளநீர் இந்த வேலையைச் செய்யாது. அதில் சோடியம் கொஞ்சம், பொட்டாசியமே ஏராளம். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அந்தப் பொட்டாசியம் ரத்தத்தில் தேங்கி இதயத் துடிப்பையே குலைத்துவிடும். பிரஷருக்கு நல்லதென்று விற்கும் ‘சோடியம் குறைந்த உப்பு’ பொட்டலத்தையும் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு என்று பொடி எழுத்தில் இருக்கும்.