60 தாண்டிய அப்பாவுக்கு அரசாங்கத்திடம் என்னென்ன இருக்கிறது?

எங்கள் அப்பா இலங்கை மலையகத்தில், தேயிலைத் தோட்டத்து மலையில் முப்பத்திரண்டு வருடம் வேலை செய்தவர். கவ்வாத்து, கான் வெட்டு, உரம் போடுவது என்று ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஏறி இறங்கியிருப்பார் என்பதற்குக் கணக்கே இல்லை. வேலையிலிருந்து நின்ற மூன்றாவது மாதம் பார்த்தால், காலையில் வீட்டு முன் திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்தவர் மத்தியானச் சோற்றுக்குத்தான் எழுந்தார். கால் வீங்கியது. கேட்டால், "எனக்கென்னடா வருத்தம், வயசு போச்சு" என்றார். தோட்டத்து அப்பாமார் பலருக்கும் இதே கதைதான். அதுவரை உடம்பை வேலை பார்த்துக்கொண்டது, வேலை நின்றதும் பார்க்க ஆளில்லை.

60 வயதானவருக்கு என்று அரசாங்கத்தில் சில விஷயங்கள் இருக்கின்றன. எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்காது என்பதுதான் சங்கடம். ஒன்று ஆஸ்பத்திரியில், ஒன்று பிரதேச செயலகத்தில், இன்னொன்று தொழில் காரியாலயத்தில். இரண்டு வருடம் அலைந்து தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன்: முடிந்தவரை அப்பாவையும் கூடவே கூட்டிக்கொண்டு போங்கள். "நீங்க இருங்கப்பா, நான் பார்த்துக்கிறேன்" என்று எல்லாவற்றையும் நாமே செய்துகொடுத்தால் அவர் இஸ்தோப்பிலேயே இருந்துவிடுவார்.

ஆஸ்பத்திரியிலிருந்து தொடங்குவோம். 2011 முதல் அரசாங்க ஆஸ்பத்திரிகளில், அதுவும் நமக்குக் கிட்ட இருக்கும் சிறிய ஆஸ்பத்திரிகளில், ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களை ஆரம்பித்தார்கள். எச்.எல்.சி. என்று கேட்டால் அங்குள்ளவர்களுக்குப் புரியும். 35 வயதுக்கு மேற்பட்ட யாரும் போகலாம், வருத்தம், அதாவது நோய், இருக்க வேண்டும் என்பதில்லை. உயரம், நிறை, பிரஷர், இரத்தத்தில் சீனி எல்லாம் பார்ப்பார்கள். மாரடைப்பு, பாரிசவாதம் வரக்கூடிய ஆபத்து எவ்வளவு என்று கணக்குப் போட்டுச் சொல்வார்கள். வாயையும் திறந்து பார்ப்பார்கள். வெற்றிலையோடு புகையிலை போடும் அப்பாமாருக்கு இது மிக முக்கியம். வாய்ப்புற்று ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது, வெள்ளையாகவோ சிவப்பாகவோ ஒரு திட்டு மட்டும் தெரியலாம். பரிசோதனைக்குக் காசு எதுவும் இல்லை. ஏதாவது கண்டுபிடித்தால் கிளினிக்குக்கு எழுதிக் கொடுப்பார்கள். அங்கே ஒரு கொப்பி போட்டு, மருந்தும் அடுத்த திகதியும் கொடுப்பார்கள்.

எங்கள் முதல் பயணம் வீணாய்ப் போனது. சீனி பார்க்க வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தார்கள். அப்பாவும் ராத்திரிக்குப் பிறகு ஒன்றும் சாப்பிடவில்லை. காலை பஸ்ஸைப் பிடித்துப் போய் வரிசையில் நின்றோம். நர்ஸ் மிஸ்ஸி கேட்டார், "ஐயா, என்ன சாப்பிட்டீங்க?" அப்பா பெருமையாகச் சொன்னார், "ஒண்ணுமே சாப்பிடல மிஸ்ஸி, அஞ்சு மணிக்கு ஒரு தேத்தண்ணிதான்." ரெண்டு கரண்டி சீனி போட்ட தேத்தண்ணி! பேசாமல் வீட்டுக்குத் திரும்பினோம். தேயிலையோடு வாழ்ந்தவருக்குத் தேத்தண்ணி சாப்பாட்டில் சேர்த்தி இல்லை. வெறும் வயிறு என்றால் பச்சைத்தண்ணி மட்டும்தான் என்று முதல் நாள் ராத்திரியே சொல்லி வையுங்கள்.

கிளினிக்குக்குப் போகும்போது வீட்டில் இருக்கிற எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போவது நல்லது. தனியார் டொக்டர் கொடுத்தது, டிஸ்பென்சரியில் வாங்கியது, பக்கத்து லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) கடன் வாங்கியது எல்லாம்தான். ஒரே குளிசை இரண்டு பெயரில் உள்ளே போகிற கதை நம் பக்கம் நிறைய நடக்கிறது.

நடையைப் பற்றியும் டொக்டரிடம் கேட்டேன். 65 வயதைத் தாண்டியவர்களும் வாரத்துக்கு 150 நிமிடமாவது சற்று மூச்சு வாங்கும்படி நடக்க வேண்டும், விழாமல் இருப்பதற்குச் சமநிலைப் பயிற்சியை வாரத்தில் மூன்று நாளாவது செய்ய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் சிபாரிசு. ஒரு நாளைக்கு இருபது நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல்தான் வருகிறது. மழைக்குப் பாசி பிடித்த படியில் மட்டும் வேண்டாம். பாதை ஓரம் போதும்.

அடுத்தது பிரதேச செயலகம். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி 60 வயது நிறைந்தவர் முதியவர். அவருக்கு முதியோர் அடையாள அட்டை இலவசமாகக் கொடுக்கிறார்கள். பிரதேச செயலகத்தில் முதியோர் உரிமைகள் மேம்பாட்டு அலுவலர் என்று ஒருவர் இருப்பார், அவரைக் கேட்டுப் போங்கள். தேசிய அடையாள அட்டையும் அதன் பிரதியும் படமும் வேண்டும், மிச்சத்தை அவரே சொல்வார். இந்த அட்டையைக் காட்டினால் ஆஸ்பத்திரி, வங்கி, தபாற்கந்தோர் போன்ற இடங்களில் முன்னுரிமை உண்டு. எல்லா இடத்திலும் மதிக்கிறார்களா என்றால் இல்லை. ஓர் அலுவலகத்தில் அட்டையை நீட்டியபோது, "இங்க எல்லாரும் வயசானவங்கதான்" என்றார்கள். ஆனாலும் அப்பா அதைச் சட்டைப் பையை விட்டு எடுப்பதே இல்லை.

தேசிய அடையாள அட்டையே இல்லை, பிறப்புச் சான்றிதழும் இல்லை என்றால்? தோட்டத்தில் இது அபூர்வம் இல்லை. பிறப்புப் பதிவைத் தேடியும் கிடைக்கவில்லை என்றால் உத்தேச வயதுச் சான்றிதழ் எடுக்கலாம். கிராம உத்தியோகத்தரிடம் போய் அதிலிருந்து தொடங்குங்கள். மற்ற எல்லாமே அதற்குப் பிறகுதான்.

70 வயது தாண்டி, வீட்டில் வருமானமும் குறைவு என்றால் முதியோர் கொடுப்பனவு இருக்கிறது. மாதம் 3,000 ரூபாயாக இருந்ததை 2025 வரவு செலவுத் திட்டத்தில் 5,000 ஆக்கினார்கள். அரசாங்கத்தின் நிவாரணக் கொடுப்பனவான அஸ்வெசுமவும் இதுவும் ஒன்றென்று பலர் நினைக்கிறார்கள். அஸ்வெசும குடும்பத்துக்கு, இது முதியவருக்கு. கிராம உத்தியோகத்தரிடம் இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

இனி அவர் உழைத்த காசு. இதைச் சலுகை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். ஊழியர் சேமலாப நிதியில், நாம் சொல்கிற ஈ.பி.எப்பில், சம்பளத்தில் 8 வீதம் அவருடையது, 12 வீதம் தோட்டம் கட்டியது. வேலையை விட்ட ஆண் 55 வயதிலும் பெண் 50 வயதிலும் அதை எடுக்கலாம். 'கே' படிவத்தை நிரப்பித் தொழில் காரியாலயத்தில் கொடுக்க வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்குத் தோட்டம் கட்டிய 3 வீதம் வேறு, அதற்குத் தனி விண்ணப்பம்.

அடுத்து சேவைக்காலப் பணம். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, ஐந்து வருடம் முடித்த நாட்சம்பளக்காரருக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம், கடைசியாக வாங்கிய சம்பளத்தில் கணக்குப் பார்க்க வேண்டும். 30 வருடச் சேவை என்றால் 420 நாள். கடைசி நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்றால் 5,67,000 ரூபாய். இது வேலையை விட்டு 30 நாளுக்குள் கைக்கு வர வேண்டும், பிந்தினால் மேலதிகமாகவும் கட்ட வேண்டும். வரவில்லை என்றால் தொழில் காரியாலயத்தில் எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். வாயால் சொன்னது காற்றோடு போகும்.

எங்களை மாட்டியது பெயர். அடையாள அட்டையில் ஒரு விதம், தோட்டத்துச் சம்பளப் பதிவான செக்ரோலில் இன்னொரு விதம். சிங்களத்தில் எழுதி, ஆங்கிலத்துக்குப் போய், திரும்பத் தமிழுக்கு வந்த பெயரில் ஓர் எழுத்து வழியில் விழுந்துவிட்டது. அந்த ஓர் எழுத்துக்கு ஏழு மாதம்! இரண்டு பெயரும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி முடித்து, தோட்டத்துக் கடிதமும் சேர்த்துக் கொடுத்த பிறகுதான் காரியம் நடந்தது. அப்பா இன்னும் வேலையில் இருந்தால் இந்த வாரமே பெயரைச் சரிபார்த்து வையுங்கள்.

காசு வந்ததும் கோயில் திருவிழா, சீட்டு, மச்சானின் ஓட்டோ என்று வழி நிறைய திறக்கும். ஒரு வருட நிலையான வைப்பில் போட்டால், 60 தாண்டியவர்களுக்குப் பத்து லட்சம் வரைக்கும் மேலதிகமாக 3 வீத வட்டி என்று 2025 வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள். வங்கியில் கேட்டுப் பாருங்கள்.

பிள்ளைகள் பெற்றோரை வேண்டுமென்றே கைவிடக்கூடாது என்றும் முன்சொன்ன முதியோர் சட்டத்தில் இருக்கிறது. தன்னைப் பார்த்துக்கொள்ள வழியில்லாத முதியவர் பராமரிப்புச் சபையில் பிள்ளைகள் மேல் முறையிடலாம். அப்பாவுக்கு இதைச் சொன்னேன். "அப்ப நீ கவனமா இரு" என்றார்.

அவசரம் என்றால் 1990, சுவசெரிய அம்புலன்ஸ், இலவசம். தமிழிலும் பேசலாம். லயத்துக்கு இலக்கம் சொன்னால் அவர்களால் கண்டுபிடிக்க முடியாது. தோட்டத்தின் பெயர், டிவிசன் (தோட்டத்தின் பிரிவு), வாகனம் வரக்கூடிய கடைசி இடம், பக்கத்துக் கோயிலோ கடையோ, இவற்றை இப்போதே ஒரு தாளில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டி வையுங்கள். பதற்றத்தில் சொந்த டிவிசன் பெயரே மறந்துபோகும்.

கடைசியாக முதியோர் சங்கம். கிராம உத்தியோகத்தர் பிரிவு மட்டத்தில் இப்படிச் சங்கங்கள் இருக்கின்றன. அட்டை எடுக்கப் போன அதே அலுவலர்தான் எங்கள் பிரிவில் இருக்கும் சங்கத்தைப் பற்றிச் சொன்னார். அப்பா முதலில் "கிழவன்மார் கூட்டம்" என்று போகவே இல்லை. அப்புறம் ஒக்டோபர் 1ஆம் திகதி, சிறுவர் தினமும் முதியோர் தினமும் சேர்ந்து வரும் அன்று, பேத்தி பாட்டுப் பாடுகிறாள் என்று போனவர் திரும்பி வரும்போது பொருளாளராக வந்தார். பழைய செக்ரோல் மாதிரி ஒரு நீளக் கொப்பி வாங்கியிருக்கிறார். மாதம் ஐம்பது ரூபாய்ச் சந்தா. கொடுக்காதவர்களைத் தேடி மேல் டிவிசன் வரைக்கும் ஏறுகிறார்.