புத்தகத்தை மூடிவிட்டுச் சொல்லு

போன டிசம்பரில், அரையாண்டுத் தேர்வுக்கு இரண்டு நாள் இருந்தபோது, பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் வராண்டாத் தூணில் சாய்ந்து அறிவியல் படித்துக்கொண்டிருந்தான். இதயத்தைப் பற்றிய பாடம். பக்கம் முழுக்க மஞ்சள் கோடு. கோடு போடாத வரியைத்தான் தேட வேண்டியிருந்தது.

"எத்தனை தடவை படிச்சப்பா?"

"ஆறு தடவை டீச்சர். எல்லாம் தெரியும்."

புத்தகத்தை வாங்கி மூடி என் கையில் வைத்துக்கொண்டேன். "சரி, உடம்பெல்லாம் சுத்திட்டு வர்ற ரத்தம் இதயத்துக்குள்ள எப்படிப் போகுது, சொல்லு."

"வலது ஆரிக்கிள்... வலது வெண்ட்ரிக்கிள்... அப்புறம் நுரையீரல்." அங்கே நின்றுவிட்டான். நுரையீரலுக்குக் கொண்டுபோகும் குழாய் தமனியா, சிரையா என்று கேட்டேன். "சிரை டீச்சர். ஆக்சிஜன் இல்லாத ரத்தம்தானே போகுது." அவன் யோசித்த விதத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் இதயத்திலிருந்து வெளியே கொண்டுபோவது எல்லாமே தமனிதான். நுரையீரல் தமனியில் மட்டும் ஆக்சிஜன் குறைந்த ரத்தம் ஓடுகிறது. அந்த வரிக்கும் அவன் மஞ்சள் அடித்திருந்தான். முகம் வாடிப்போய், "சத்தியமா படிச்சேன் டீச்சர்" என்றான்.

அவன் பொய் சொல்லவில்லை. இருபது வருடத்துக்கும் மேலாக அறிவியல் ஆசிரியராக இருக்கிறேன். இந்த வார்த்தையை இதே தொனியில் எத்தனையோ பிள்ளைகள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலானவர்களிடம் "கவனமாப் படிக்கலை, இன்னொரு தடவை படி" என்றுதான் சொல்லி அனுப்பினேன். பிள்ளைகளிடம் உழைப்புக்குக் குறைவில்லை. நான் சொல்லிக்கொடுத்த வழிதான் தப்பு.

தினமும் ஒரே பஸ்ஸில் வரும் ஒருவரை நமக்கு நன்றாகத் தெரியும் என்று நினைக்கிறோம். அவர் மீசை வைத்திருக்கிறாரா என்று, அவர் இல்லாத நேரத்தில் யாராவது கேட்டால் முழிக்கிறோம். பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பதும் இப்படித்தான். ஐந்தாவது தடவை வாசிக்கும்போது வரிகள் கண்ணுக்குப் பழகி வழுக்கிக்கொண்டு ஓடும். அந்தச் சுலபத்தை மனசு 'தெரியும்' என்று எடுத்துக்கொள்கிறது. பரீட்சை ஹாலிலோ புத்தகம் மூடியிருக்கிறது.

2006ஆம் ஆண்டு, அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்து வெளியிட்டார்கள். ஒரு குழு ஒரு உரைநடைப் பகுதியை நான்கு சுற்றும் வாசித்தது. இன்னொரு குழு ஒரு சுற்று மட்டும் வாசித்துவிட்டு, மீதி மூன்று சுற்றும் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது வாசித்தவர்கள்தான் முன்னே இருந்தார்கள்: அவர்கள் நினைவுகூர்ந்தது சுமார் 83 சதவீதம், எழுதிப் பார்த்தவர்கள் 71. ஒரு வாரம் கழித்து அது தலைகீழானது. வாசித்தவர்கள் 40, எழுதிப் பார்த்தவர்கள் 61. இதில் என்னை உலுக்கியது இன்னொன்று. நன்றாக நினைவிருக்கும் என்று அதிக நம்பிக்கையோடு சொன்னவர்கள் நான்கு சுற்றும் வாசித்தவர்கள்தான்.

ராத்திரி முழுக்க உருப்போடும் பழக்கம் ஏன் நம்மை விட்டுப் போவதில்லை என்பது இதைப் படித்த பிறகுதான் எனக்கு விளங்கியது. நாளைக் காலை ஸ்லிப் டெஸ்ட்டுக்கு அது உதவிவிடுகிறது, மார்க்கும் வந்துவிடுகிறது. மார்ச்சில்தான் அத்தனையும் காணாமல் போகிறது. அப்போது 'பையனுக்கு ஞாபகசக்தி இல்லை' என்று வீட்டில் முடிவு கட்டிவிடுகிறோம்.

இதெல்லாம் தெரிவதற்கு ரொம்ப காலம் முன்பே என் அத்தை எனக்கு இதைக் காட்டியிருந்தார். எங்களுக்குப் புதுக்கோட்டை மாவட்டம். 1991இல் அறிவொளி இயக்கம் வந்தபோது நான் ஆரம்பப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்த இயக்கம் அது. அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் அதில் உறுதியாக இருந்தார். 1992 மகளிர் தினத்தன்று 1,500 பெண்களுக்கு மேல் மணி அடித்துக்கொண்டு புதுக்கோட்டைக்குள் சைக்கிளில் வந்தார்கள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு, அதனால் பல பெண்கள் ஆண்கள் சைக்கிளிலேயே பழகினார்கள்.

அத்தை பழகியதும் வாடகைக்கு எடுத்த ஒரு ஆண்கள் சைக்கிளில்தான், கண்மாய்க் கரை மேல். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, பாருக்கு அடியில் காலை விட்டு முதலில் குரங்குப் பெடல். பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடுவது என் வேலை. மூன்று நாள் பிடித்தேன், மூன்று நாளும் அழகாக ஓட்டினார். நான்காம் நாள் கை வலித்து விட்டுவிட்டேன், கருவேல முள்ளில் போய் விழுந்தார். முழங்கையில் ரத்தம். நான் அழுதேன். அவர் முள்ளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, "நீ புடிச்சப்ப ஓட்டுனது நான் இல்லடி. இப்பதான் ஓட்டுறேன்" என்றார். அன்று சாயங்காலத்துக்குள் இன்னும் நான்கு தடவை விழுந்தார். அந்த வாரக் கடைசியில் குடத்தைக் கேரியரில் கட்டிக்கொண்டு தண்ணீருக்குப் போய் வந்தார்.

திறந்த புத்தகம் கேரியரைப் பிடிக்கும் கை மாதிரி என்று இப்போது வகுப்பில் சொல்கிறேன், பிள்ளைகளுக்கு உடனே புரிகிறது.

ஆனால் நானும் இதைச் சரியாகச் செய்ய இரண்டு வருடம் தடுமாறினேன். முதலில் தினமும் பேப்பர் கொடுத்து, எழுத வைத்து, மார்க் போட்டேன். பிள்ளைகள் மிரண்டார்கள், சிலர் அந்தப் பீரியடுக்கே வராமல் இருந்தார்கள். மார்க் என்று வந்தவுடன் தெரியாததை மறைக்கத்தான் தோன்றும். இப்போது மார்க் கிடையாது. பீரியடின் முதல் ஐந்து நிமிடம், பழைய நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாள். நேற்று நடத்தியதில் நினைவுக்கு வருவதை எழுத வேண்டும், அல்லது படமாகப் போட வேண்டும். பிறகு புத்தகத்தைத் திறந்து அவர்களே வேறு நிற மையில் திருத்திக்கொள்வார்கள். இந்தத் திருத்தலை விட்டுவிடக் கூடாது. திருத்தாமல் விட்டால் தப்பான விடையே மனசில் உட்கார்ந்துவிடும். அதே பாடத்தை மூன்று நாள் கழித்து ஒரு தடவை, ஒரு வாரம் கழித்து ஒரு தடவை கேட்பேன். கொஞ்சம் மறந்த பிறகு தேடி எடுப்பதுதான் நிலைக்கிறது. தாளை நான் வாங்கிப் பார்ப்பதுகூட இல்லை.

எழுத்துக் கூட்டி வாசிக்கவே சிரமப்படும் பிள்ளைக்கு இது போதாது. அவனுக்கு முதலில் வாசிப்புதான் தேவை, அதற்குத் தனியாக உட்கார வேண்டும்.

பெற்றோர் கூட்டத்தில் ஒரு அம்மா கேட்டார்: "நான் நூறு நாள் வேலைக்குப் போறவ டீச்சர், எனக்குப் படிக்கவே தெரியாது. நான் என்ன சொல்லிக்குடுக்க?" நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டாம் அம்மா, உங்கள் மகள் உங்களுக்குச் சொல்லட்டும் என்றேன். வெங்காயம் நறுக்கும்போது பக்கத்தில் உட்கார வைத்து, புத்தகத்தை மூடச் சொல்லி, இன்றைக்கு என்ன படித்தாய் என்று கேளுங்கள். நடுவில் 'அப்புறம்?' என்று மட்டும் கேட்டால் போதும். புரியவில்லை என்றால் புரியவில்லை என்றே சொல்லுங்கள். படித்த பெற்றோரைவிட இவர்கள் இதை நன்றாகச் செய்கிறார்கள் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். படித்தவர்கள் பிள்ளை யோசிக்கும் முன் விடையை எடுத்துக்கொடுத்துவிடுகிறார்கள்.

தூக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 13 வயது முதல் 18 வயது வரை ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரம் தூங்க வேண்டும் என்பது தூக்க மருத்துவ வல்லுநர்களின் பரிந்துரை. பகலில் படித்ததை மூளை பதிய வைப்பதில் தூக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. பன்னிரண்டு மணி வரை உட்கார வைத்து நான்கு மணிக்கு எழுப்பிவிடும் வீட்டில், அந்த வேலை பாதியிலேயே நின்றுபோகிறது. பொதுத்தேர்வு சமயத்தில் முதல் பீரியடிலேயே சிவந்த கண்ணோடு டெஸ்க்கில் சாயும் பிள்ளைகளைப் பார்க்க எனக்கு வயிறு எரிகிறது. தயவுசெய்து தூங்க விடுங்கள்.

அத்தைக்கு இப்போது எழுபது வயது தாண்டிவிட்டது. பொங்கலுக்குப் போயிருந்தபோது, பால்காரருக்குப் போனில் பணம் போடக் கற்றுக்கொடு என்றார். நான் போனை வாங்கி டக் டக்கென்று அழுத்தி, "பாருங்க அத்தை, இவ்வளவுதான், போயிடுச்சு" என்று நீட்டினேன். அவர் போனை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"நீதான போட்ட. இப்ப நான் போடுறேன், தள்ளி உக்காரு."

ஒரு ரூபாயை எனக்கே அனுப்பிப் பார்க்கச் சொன்னேன். ரகசிய எண்ணை இரண்டு தடவை தப்பாகப் போட்டார். என் கை நீண்டது. மடியில் கட்டி வைத்துக்கொண்டேன். மூன்றாவது தடவை என் போன் அடித்தது.