ஸ்காட்லாந்தில் தோட்ட நிலம்: பட்டியலில் பெயர் ஏறினால்தான் கணக்கு

ஸ்காட்லாந்தில் குடியிருக்கும் ஒருவர், காய்கறி போட நிலம் வேண்டும் என்று தன் பகுதிக் கவுன்சிலிடம் கேட்கலாம். கவுன்சில் மனமிரங்கித் தருகிற சலுகை இல்லை இது. 2015ஆம் ஆண்டின் சமூக அதிகாரமளிப்புச் சட்டத்தின் ஒன்பதாம் பகுதியில் இந்த உரிமை இருக்கிறது. 2018 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. இப்படித் தரும் துண்டு நிலத்தை அலாட்மென்ட் என்பார்கள்.

எழுத்து மூலம் கேட்க வேண்டும். எவ்வளவு இடம் என்பதையும் அதிலேயே சொல்லிவிடலாம். சட்டம் சொல்லும் அளவு 250 சதுர மீட்டர், அதாவது 25க்கு 10 மீட்டர். வேலைக்குப் போய்வருகிற ஒருவருக்கு அது பெரிய இடம்தான். முதல் கோடையிலேயே களை ஜெயித்துவிடும். குறைவாகக் கேட்டாலும் தவறில்லை. உடல் இயலாமை உள்ளவர்கள் தங்கள் தேவையை விண்ணப்பத்திலேயே எழுதலாம்: சக்கர நாற்காலி போகிற அகலத்தில் பாதை, குனியாமல் கை எட்டுகிற உயரத்தில் பாத்தி என்று.

சரி, "காத்திருப்போர் பட்டியல் நீளமாம், எழுதி என்ன பயன்?" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அங்கேதான் தப்புக் கணக்கு. காத்திருப்போர் எண்ணிக்கை, கவுன்சிலிடம் உள்ள மொத்த அலாட்மென்ட்களில் பாதியைத் தாண்டாமலும், ஒருவர் ஐந்து ஆண்டுக்கு மேல் காத்திருக்காமலும் பார்த்துக்கொள்ளக் கவுன்சில் நியாயமான நடவடிக்கை எடுத்தாக வேண்டும். நாளையே நிலம் வரும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஆனால் எழுதிக் கொடுக்காதவர் அந்த எண்ணிக்கையில் இல்லவே இல்லை.

தனித் துண்டு வேண்டாம், தெருவே சேர்ந்து பயிரிடலாம் என்பவர்கள் கவுன்சிலின் உணவுப் பயிர் வளர்ப்புத் திட்ட ஆவணத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். சமூகமாகப் பயிரிடத் தோதான இடங்களை அதில் அடையாளம் காட்ட வேண்டும். வசதி குறைந்த பகுதிகளில் இப்படிப்பட்ட இடங்களைக் கவுன்சில் எப்படிக் கூட்டப்போகிறது என்றும் சொல்ல வேண்டும். அடுக்குமாடியில் தனியாக இருக்கும் முதியவர், நாலு பேரைப் பார்த்துப் பேச வருகிற இடமாகவும் இப்படி ஒரு தோட்டம் ஆகிவிடும். மக்கு உரம் சேர்ந்த மண், கொட்டுகிற மழையை உறிஞ்சி வைத்து வறட்சியில் கொடுக்கும். கான்கிரீட் போட்ட முற்றத்தால் அது முடியாது.

அப்புறம், ஒரு நிபந்தனை: லாப நோக்கில் பயிரிடக் கூடாது. வீட்டுக்குப் போக மிஞ்சிய சுரைக்காயை விற்பதில் தடையில்லை.