ஆர்டினல்: ‘வரிசை’ என்றால் போதுமா?

கருத்துக்கணிப்புத் தரவை எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளில் ஏற்றியவர்களுக்கு ‘மெஷர்’ என்ற கட்டம் பழக்கமாக இருக்கும். ஒவ்வொரு கேள்விக்கும் அங்கே மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஸ்கேல் (வயது போன்ற எண்) என்றால் ஓர் அளவுகோல் படம், நாமினல் (மாவட்டம் போன்ற வகை) என்றால் மூன்று வட்டங்கள், ஆர்டினல் (மிக மோசம், மோசம், பரவாயில்லை, நன்று, மிக நன்று என ஏறிப் போகும் விடைகள்) என்றால் ஏறிக்கொண்டே போகும் மூன்று கம்பங்கள். அந்தக் கம்பங்களுக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது?

‘ஆர்டோ’ என்ற லத்தீன் சொல்லுக்கு வரிசை, ஒழுங்கு என்று பொருள். நாம் தினமும் சொல்லும் ‘ஆர்டர்’ பிறந்ததும் அதே வேரில்தான். இலக்கணத்தில் முதல், இரண்டாம், மூன்றாம் என்பவை ஆர்டினல் எண்கள். தமிழில் ‘ஆம்’, ‘ஆவது’ அந்த வேலையைச் செய்கின்றன. புள்ளியியலில் இன்றுள்ள பொருளை நிலைநிறுத்தியவர் அமெரிக்க உளவியலாளர் எஸ். எஸ். ஸ்டீவன்ஸ். 1946இல் ‘சயின்ஸ்’ இதழில் அவர் அளவைகளை நான்காகப் பிரித்தார்: பெயர், வரிசை, இடைவெளி, விகிதம்.

அப்படியானால் ‘வரிசைத் தரவு’ என்றே சொல்லிவிடலாமே? எனக்கு அதில் தயக்கம் உண்டு. படிவத்தின் முதல் கட்டத்தில் இருக்கும் ‘வரிசை எண்’ வெறும் அடையாளம். 40ஆம் நபர் 39ஆம் நபரைவிட எதிலும் உயர்ந்தவர் அல்ல. ‘தரவரிசை’ என்றாலோ கலந்தாய்வுப் பட்டியல்தான் நினைவுக்கு வரும். அங்கே ஆளுக்கு ஓர் இடம். ‘நன்று’ என்ற விடையிலோ இருநூறு பேர் சேர்ந்து நிற்கலாம்.

இன்னொரு வரிசையும் குறுக்கே வரும். “நூலகத்துக்கு எவ்வளவு அடிக்கடி போவீர்கள்?” என்ற கேள்விக்கு ஒருபோதும் இல்லை, எப்போதாவது, அடிக்கடி, எப்போதும் என்று நான்கு விடைகள் தருகிறோம். ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழியில் இதை அப்படியே ‘ஃபேக்டர்’ (வகைகளாகப் பிரித்த தரவு) ஆக்கிப் படம் வரைந்தால் தூண்கள் அடிக்கடி, எப்போதாவது, எப்போதும், ஒருபோதும் இல்லை என்று வந்து நிற்கும். மென்பொருளுக்குத் தெரிந்தது அகரவரிசை மட்டுமே. எது கீழே, எது மேலே என்று ‘லெவல்ஸ்’ எழுதி, ‘ஆர்டர்டு’ என்றும் நாம்தான் சொல்ல வேண்டும்.

அதனால் நான் ‘படிநிலைத் தரவு’ என்றே எழுதுகிறேன். படி என்றதும் கீழ், மேல் தெரிந்துவிடுகிறது. ஒரு படியில் பலர் நிற்கலாம் என்பதும் புரிகிறது. பழைய கோயில் குளத்தில் இறங்கியவர்களுக்குத் தெரியும், எல்லாப் படியும் ஒரே உயரம் இருக்காது. மோசத்துக்கும் பரவாயில்லைக்கும் உள்ள தூரம், நன்றுக்கும் மிக நன்றுக்கும் உள்ள தூரம்தானா? தெரியாது. அதனால்தான் 1 முதல் 5 வரை எண் கொடுத்துச் சராசரி 3.4 என்று அறிவிக்கும்போது உறுத்துகிறது. 101 பேரை விடைப்படி நிறுத்தி, 51ஆம் ஆள் எந்தப் படியில் நிற்கிறார் என்று பார்ப்பது நேர்மையான கணக்கு. அதுதான் இடைநிலை அளவு (மீடியன்). (படி என்பது நெல் அளக்கும் பாத்திரமும்கூட, அங்கே எல்லாப் படியும் சமம். ‘நிலை’ சேர்ந்துவிட்டால் அந்தக் குழப்பம் இல்லை.)

நாமினல் எனப்படும் வகைத் தரவில் சிக்கல் குறைவு. மாவட்டம், தாய்மொழி போன்றவற்றை எண்ணிச் சதவீதம் போட்டால் பெரும்பாலும் வேலை முடிந்தது. கடினமானது, மக்கள் தம் சொந்தச் சொற்களில் எழுதும் விடை. ரேஷன் அரிசி எப்படி என்று கேட்டால் ஒருவர் “பரவாயில்லைங்க” என்று எழுதுவார். சலிப்போடு சொன்னால் அது இரண்டாம் படி; முன்பு மோசமாக இருந்து இப்போது தேறியிருக்கிறது என்ற நிம்மதியில் சொன்னால் நான்காம் படி. எழுத்தில் குரல் இல்லை. இத்தகைய விடைகளுக்கு இரண்டு பேர் தனித்தனியாகக் குறியிட்டு, பிறகு ஒப்பிட வேண்டும். இருவரும் வேறு வேறு படி போட்ட விடைகளை மறுபடி எடுத்து, அதே ஆள் அடுத்த வரியில் என்ன எழுதியிருக்கிறார் என்று படித்துப் பார்க்க வேண்டும்.