ஆடியாலஜிஸ்ட், ஸ்பீச் தெரபிஸ்ட்: தமிழ்ல என்ன பேரு, "பதிவு"ன்னா என்ன?

டர்பன்ல, சாட்ஸ்வொர்த் ஃபீனிக்ஸ் பக்கம் நம்ம வீடுகள்ல யாருக்காவது சரியா கேக்கலைன்னா "காது டாக்டர்கிட்ட காட்டு"ன்னு முடிச்சுடுவாங்க. காதுல சீழ் வடிஞ்சா, ஆபரேஷன் வேணும்னா பாக்குறவர் ஈஎன்டி டாக்டர், அவர்தான் காது டாக்டர். எந்த ஒலி எவ்வளவு கேக்குதுன்னு அளந்து ஹியரிங் எய்ட் பொருத்திவிடுறவங்க ஆடியாலஜிஸ்ட், இவங்க மருத்துவப் படிப்பு படிச்சவங்க இல்ல, இவங்க படிப்பே வேற.

லத்தீன்ல 'ஆடிரே'ன்னா கேக்குறது, கிரேக்கத்துல 'லோகோஸ்'னா சொல், ஆராய்ச்சி. ரெண்டையும் ஒட்டவெச்ச இந்தப் பேரு 1940-கள்ல, ரெண்டாம் உலகப்போர் முடியுற சமயத்துல, அமெரிக்காவுல நல்லா புழக்கத்துக்கு வந்துச்சு, குண்டுச் சத்தத்துல காது போய்த் திரும்புன சிப்பாய்ங்களுக்குன்னு ராணுவ ஆஸ்பத்திரிகள்ல தனி மையம் வெச்சப்பதான் இது தனித்துறையாவே வளர்ந்துச்சு.

தமிழ்ல செவியியல்னும் எழுதுறாங்க, கேட்பியல்னும் எழுதுறாங்க. எனக்கு கேட்பியல்தான் பொருத்தமா படுது, ஏன்னா சில பேருக்கு காது நல்லாவே இருக்கும், மூளைக்குப் போற நரம்புல கோளாறு இருக்கும், அதையும் இவங்கதான் கண்டுபிடிக்கிறாங்க. சத்தம் புகாத சின்ன ரூம்ல ஹெட்ஃபோன் மாட்டி உக்கார வெச்சு, மெல்லிசா ஒரு 'பீப்' கேக்குறப்பெல்லாம் பட்டனை அமுக்கச் சொல்லுவாங்க, வலது காதுக்கு சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறின்னு தாள்ல குறிச்சு கோடு இழுப்பாங்க. அந்த ஆடியோகிராமுக்கு கேட்பு வரைபடம்னு சொல்லலாம். ஆக ஆடியாலஜிஸ்ட்னா கேட்பியல் வல்லுநர்.

ஸ்பீச் தெரபிஸ்ட்டை அமெரிக்காவுல ஸ்பீச் லேங்வேஜ் பேத்தாலஜிஸ்ட்னு சொல்லுவாங்க. அதை அப்படியே "பேச்சு நோயியலாளர்"னு எழுதுறது எனக்குப் பிடிக்கவே இல்ல, நோயியல்னதும் நம்ம ஆளுங்களுக்கு ரத்தம் டெஸ்ட் பண்ற லேப்தான் ஞாபகம் வரும், பிள்ளைக்குப் பேச்சு வர லேட்டானா அதுக்கு நோயாளிப் பட்டம் வேற கட்டணுமா? தெரபிக்கு கிரேக்க மூலத்துல பணிவிடை, பராமரிப்புன்னு பொருள். பேச்சு மொழிச் சிகிச்சையாளர்னு சொன்னா போதும். ஸ்ட்ரோக் வந்த தாத்தாவுக்கு கஞ்சி எந்தப் பதத்துல குடுத்தா புரையேறாம இறங்கும்னு பாத்துச் சொல்றதும் இவங்க வேலைதான், இது நம்மள்ல பல பேருக்குத் தெரியாது.

இப்ப ரெஜிஸ்ட்ரேஷன். லத்தீன் மூலத்துல 'எழுதி வெச்சவை'ன்னு அர்த்தம். தமிழ்ல பதிவு, 'பதி'ங்கிற வேர்ல இருந்து வந்தது, அழுந்தப் பதிஞ்சு நிக்கிறது. சவுத் ஆஃப்ரிக்காவுல இது வெறும் ஃபார்ம் நிரப்புற வேலை இல்ல. 1974-ம் வருஷத்து 56-ம் எண் சுகாதாரத் தொழில்கள் சட்டத்தோட 17-வது பிரிவுப்படி எச்பிசிஎஸ்ஏ, அதாவது சவுத் ஆஃப்ரிக்காவோட சுகாதாரத் தொழில்கள் கவுன்சில், அதோட பதிவேட்டுல பேரு இல்லாம இந்தத் தொழிலைச் செய்யறதே குற்றம். அந்தக் கவுன்சிலுக்குக் கீழ பேச்சு, மொழி, கேட்புத் தொழில்களுக்குன்னே தனி போர்டு இருக்கு. படிக்கிறப்பவே மாணவரா பதியணும், நாலு வருஷ டிகிரி முடிச்சதும் ஒரு வருஷம் அரசு ஆஸ்பத்திரியில கம்யூனிட்டி சர்வீஸ், அதுக்கப்புறம்தான் தனியா தொழில் பண்ற பதிவு. அதோட முடியாது, வருஷா வருஷம் ஃபீஸ் கட்டணும், தொடர்கல்விப் புள்ளி சேர்க்கணும். வெளிநாட்டுல, நம்ம ஊர் சென்னையிலயே படிச்சுட்டு வந்திருந்தாலும் இங்க பதியாம ஒரு பேஷண்டைக்கூட பாக்க முடியாது.

பதிவு நம்பருக்கு முன்னாடி எழுத்து இருக்கும்: ஸ்பீச் தெரபிஸ்ட்னா எஸ்டி, ஆடியாலஜிஸ்ட்னா ஏயு, ரெண்டும் படிச்சு ரெண்டுக்கும் பதிஞ்சவங்கன்னா எஸ்டிஏ. தொழில் சங்கமான சாஸ்லாவுல மெம்பரா இருக்கறது வேற விஷயம், அது அவங்க விருப்பம், அதை வெச்சு சிகிச்சை பண்ண முடியாது. அதனால ஹியரிங் எய்டுக்கு ஆயிரக்கணக்குல ரேண்ட் எடுத்து வைக்கிறதுக்கு முன்னாடி, கவுன்சிலோட ஐரெஜிஸ்டர்ங்கிற ஆன்லைன் பதிவேட்டுப் பக்கத்துல குடும்பப் பேரைத் தட்டிப் பாருங்க, காசு கிடையாது. ஆக்டிவ்னு காட்டுதா, எழுத்து ஏயு இல்லன்னா எஸ்டிஏதானான்னு பாத்துட்டு அப்புறம் அப்பாயின்ட்மென்ட் போடுங்க.