வளிக்கூண்டு வேண்டாம், வெங்காற்றுப் பலூன் போதும்

கோடை விடுமுறைக்கு முன்பும் பொங்கலுக்கு முன்பும் உதகையின் பயண முகவர் கடைகளில் தொங்கும் விளம்பரத் தட்டிகளில், சில ஆண்டுகளாக ஒரு தொடர் தவறாமல் இடம்பெறுகிறது: ‘சூரிய உதய சூடான காற்று பலூன் சவாரி’. துருக்கியின் கப்படோசியாவுக்கு அழைத்துச் செல்லும் சுற்றுலாவுக்கும் இதுதான் பெயர். 2015 முதல் பொங்கலை ஒட்டிப் பொள்ளாச்சியில் நடந்துவரும் பலூன் திருவிழாவுக்கு மலையிலிருந்து வேன் விடுகிறவர்களும் இதையேதான் அச்சிடுகிறார்கள். உருபும் ஒற்றும் இல்லாமல் ஆறு சொற்கள் வரிசையாக நிற்கின்றன. எது எதனோடு சேர்கிறது என்பதைப் படிப்பவரே கண்டுகொள்ள வேண்டியிருக்கிறது. இதைத் திருத்த முன்வரும் தமிழ் ஆர்வலர்களோ ‘வளிக்கூண்டு’ என்றும் ‘வெப்பவளிக்கூண்டு’ என்றும் எழுதச் சொல்கிறார்கள். விளம்பரக்காரர் செய்தது கவனக்குறைவு. ஆர்வலர் செய்வது, பொருளைப் பற்றித் தவறான செய்தி தரும் ஒரு சொல்லைத் தூய தமிழ் என்ற பெயரில் நிலைநிறுத்துவது. இரண்டாவதைத்தான் நான் கூடுதலாக எதிர்க்கிறேன்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். இத்தாலிய மொழியில் ‘பல்லா’ என்றால் பந்து. பெரிய அளவைக் குறிக்கும் விகுதி சேர்ந்தால் ‘பல்லோனே’, அதாவது பெரும்பந்து. அது பிரெஞ்சில் ‘பலோன்’ ஆகி, ஆங்கிலத்துக்கு வந்தபோது காற்றடைத்த பெரிய தோல் பந்தையும் அதைக் கொண்டு ஆடும் ஆட்டத்தையும் குறித்தது. வானில் ஏறும் கலத்துக்கு அப்பெயர் வாய்த்தது 1783இல்தான். நமக்கு ஆங்கிலத்தின் வழியே பலூன் என்று வந்து சேர்ந்தது.

அந்த 1783ஆம் ஆண்டில் நடந்தவற்றைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பெயர்ச் சிக்கல் முழுவதும் அங்கேதான் தொடங்குகிறது. பிரான்சின் அனோனே என்ற ஊரில் காகித ஆலை நடத்திய குடும்பத்தைச் சேர்ந்த மோன்கோல்ஃபியே சகோதரர்கள், ஜூன் மாதத்தில், துணியும் காகிதமும் கொண்டு தைத்த பெரும் பை ஒன்றை வைக்கோலும் கம்பளியும் எரித்து மேலே அனுப்பினார்கள். செப்டம்பரில் வெர்சாய் அரண்மனை முற்றத்திலிருந்து ஓர் ஆடும் ஒரு வாத்தும் ஒரு சேவலும் ஏறின. நவம்பர் 21 அன்று பிலாத்ர் த ரோசியேயும் மார்க்கி தார்லாந்தும் பாரிசின் மேல் ஏறத்தாழ 25 நிமிடம் பறந்து, கட்டின்றி வானில் மிதந்த முதல் மனிதர்கள் ஆனார்கள். பத்து நாள் கழித்து, டிசம்பர் 1 அன்று, ழாக் சார்ல் என்ற இயற்பியலாளர் ஹைட்ரஜன் நிரப்பிய பலூனில் அதே நகரிலிருந்து எழுந்தார். ஒன்று தீயால் ஏறுவது, மற்றொன்று இயல்பிலேயே எடை குறைந்த வாயுவால் ஏறுவது. பிரெஞ்சுக்காரர்கள் இரண்டையும் ஒருநாளும் குழப்பிக்கொள்ளவில்லை. முன்னதை மோன்கோல்ஃபியேர் என்றும் பின்னதைச் சார்லியேர் என்றும் வழங்கினார்கள். பின்னர் வாயுப் பலூன்களே மிகுதியாக வழங்கியதால், வெறும் பலூன் என்ற பெயர் அவற்றுக்கே உரிமையாயிற்று. தீயால் ஏறுவதற்கு ஆங்கிலத்தில் ஓர் அடைமொழி தேவைப்பட்டது. 1960இல் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் எட் யோஸ்ட் என்பவர் புரோப்பேன் வாயுவை எரித்துத் தீயைப் பாய்ச்சும் எரிகலனும் நைலான் துணியும் கொண்ட இன்றைய வடிவத்தில் பறந்து காட்டிய பிறகே பழைய முறை மீண்டும் பரவியது. ஆகவே இக்கலத்தின் பெயரில் ‘சூடு’ என்பது அலங்காரம் அன்று. இரு வேறு கலங்களைப் பிரித்துக் காட்டும் வேலையை அது செய்கிறது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு வளிக்கூண்டு என்ற சொல்லைப் பாருங்கள்.

முதலில் கூண்டு. கிளிக்கூண்டு, சாட்சிக்கூண்டு, எலிக்கூண்டு என்று தமிழர் வழங்கும் கூண்டெல்லாம் உள்ளே இருப்பதை அடைத்துவைக்கும் சட்டகம். நீலகிரியில் இச்சொல்லுக்கு இன்னும் அழுத்தமான பொருள் உண்டு. கூடலூர், பந்தலூர்ப் பக்கத்தில் சிறுத்தை ஊருக்குள் நடமாடுகிறது என்றால், மக்கள் வனத்துறையிடம் கேட்கும் முதல் கேள்வி கூண்டு வைத்தாயிற்றா என்பதுதான். அந்த மக்களிடம் போய், குழந்தை குட்டிகளோடு வளிக்கூண்டில் ஏறலாம் என்று சொன்னால், அவர்கள் காதில் என்ன விழும்?

கூண்டுக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதம் ஒன்று உண்டு. அது வலுவானது என்பதால் அதை ஒதுக்கிவிட்டுப் போக மாட்டேன். கூண்டு என்பது கூடு என்ற சொல்லோடு உறவுடையது, கூண்டு வண்டியில் அது வளைந்து கவிந்த மேற்கூரையைத்தானே குறிக்கிறது, அதுபோல மேலே கவிந்திருக்கும் துணியைக் கூண்டு என்றால் என்ன குற்றம் என்று கேட்கிறார்கள். குற்றம் உண்டு. கூண்டு வண்டியின் கூரை, மூங்கில் வளைவுகளின் மேல் பாய் போட்டுக் கட்டியது. பாயை உருவிவிட்டாலும் மூங்கில் அதே வடிவில் நிற்கும். பலூனின் துணிக்கோ உள்ளே எலும்பு கிடையாது. எரிகலனை மூட்டுவதற்கு முன் அது புல்வெளியில் சுருண்டு கிடக்கும் துணி. இறங்கியபின் மடித்து மூட்டைக்குள் திணிக்கலாம். இடையில் அதற்கு உருவம் கொடுப்பது காற்று ஒன்றே. கூண்டு என்ற பெயருக்கு உண்மையிலேயே உரிய வான்கலம் வேறு ஒன்று இருந்தது. 1900ஆம் ஆண்டு ஜெர்மனியில் செப்பெலின் என்பவர் பறக்கவிட்ட வான்கப்பலுக்கு உள்ளே அலுமினியச் சட்டகம் இருந்தது. வாயுப் பைகளை அந்தச் சட்டகத்துக்குள் அடுக்கியிருந்தார்கள். சட்டகம் உள்ளதற்கும் இல்லாததற்கும் இடையிலான இந்த வேறுபாடு வான்கலங்களின் வரலாற்றில் அடிப்படையானது. அதைத் தலைகீழாக்கும் ஒரு சொல்லை அறிவியல் சொல் என்று பள்ளிப் பிள்ளைகளுக்கு எப்படிக் கற்பிப்பது?

அடுத்தது வளி. பழந்தமிழில் வளி என்பது காற்று, இதில் ஐயமில்லை. இலங்கைப் பாடநூல்களில் வளி என்றால் காற்று, வாயு என்றால் வாயுப் பொருள் என்று தெளிவான பங்கீடு உண்டு. தமிழ்நாட்டில் அப்பங்கீடு இல்லை. இங்கே வாயுவை விலக்க விரும்புகிறவர்கள் அதற்கும் வளி, வளிமம் என்றே எழுதுகிறார்கள். ஆகவே வளிக்கூண்டு என்று படிப்பவருக்கு, உள்ளே இருப்பது நாம் மூச்சுவிடும் காற்றா, ஹைட்ரஜனா, ஹீலியமா என்பது தெரியாது. உதகைக்கு அருகே முத்தோரையில் 530 மீட்டர் நீள வானொலித் தொலைநோக்கியை அமைத்த டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், ஐதராபாத்தில் ஆய்வுக் கருவிகளை ஏற்றும் பலூன்களையும் பறக்கவிடுகிறது. அவை ஹைட்ரஜன் நிரப்பியவை, ஆளில்லாதவை. வளிக்கூண்டு என்ற சொல் அவற்றையும் கப்படோசியாவில் சுற்றுலாப் பயணிகள் ஏறுவதையும் ஒரே பெயரில் போட்டு மூடிவிடுகிறது. முன்னால் ‘வெப்ப’ சேர்த்தால் குறை தீரும் என்பார்கள். அப்போதும் கூண்டு கூண்டாகவே இருக்கிறது. ஆறெழுத்து ஒன்பதெழுத்து ஆனதுதான் மிச்சம்.

ஈழத்து வழக்கு ஒன்றையும் இங்கே எடைபோட வேண்டும். வல்வெட்டித்துறைப் பக்கத்தில் கோயில் விழாக்களில், மெல்லிய காகிதத்தை ஒட்டிப் பெரிதாகச் செய்து, அடியில் தீயிட்டு வானில் ஏற்றுவதைப் புகைக்குண்டு என்கிறார்கள். மக்கள் கைவினையிலிருந்து பிறந்த சொல், கேட்கவே உயிருள்ளது. மோன்கோல்ஃபியே சகோதரர்களும் தங்கள் பையைத் தூக்கியது புகைதான் என்றே நம்பினார்கள். அதனால்தான் புகை மிகுதியாக வரும் பொருள்களைத் தேடி எரித்தார்கள். ஆனால் இன்றைய எரிகலனில் புகை கிடையாது, தூக்குவதும் புகை அன்று. மேலும் தமிழ்நாட்டுச் செய்தித்தாள் வாசகருக்குப் புகைக்குண்டு என்றால் கலவரத்தில் வீசப்படுவதுதான் நினைவுக்கு வரும். அந்தக் காகிதக் கலைக்கு அது உரிய பெயராகவே நீடிக்கட்டும். ஆள் ஏறும் கலத்துக்கு அதை இழுத்துவர வேண்டியதில்லை.

இனி என் பரிந்துரை. பொருள் வேலை செய்யும் முறையிலிருந்து தொடங்குகிறேன். கடல்மட்டத்தில் 15 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை ஏறத்தாழ 1.22 கிலோ, அதே காற்றை 100 பாகைக்குச் சூடாக்கினால் அதே இடத்தில் 0.95 கிலோதான் நிற்கும். கன மீட்டருக்குக் கால் கிலோவைவிடச் சற்றே கூடுதலான இந்த வேறுபாடுதான் தூக்கும் விசை. 2,800 கன மீட்டர் கொள்ளும் பலூன் ஒன்று, தன் சொந்த எடையையும் சேர்த்து ஏழு எட்டு நூறு கிலோவைத் தூக்குவது இதனால்தான். ஆகவே சூடு, காற்று இரண்டும் பெயரில் இருக்க வேண்டும். சூடு காற்றோடு பிரிக்க முடியாதபடி ஒட்டியிருக்க வேண்டும். ‘சூடான காற்று பலூன்’ என்பதில் அந்த ஒட்டு இல்லை. சூடாக இருப்பது காற்றா, பலூனா என்பதே தெளிவாகவில்லை. காற்று என்பது வன்தொடர்க் குற்றியலுகரம். வல்லினம் வந்தால் ஒற்று மிகும் என்பது பள்ளியில் படித்த விதி. பலூனின் முதலெழுத்து மென்மையாக ஒலிப்பதால் ஒற்று வேண்டாம் என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். ஆனால் எழுத்தில் இருப்பது தமிழ்ப் பகரம். சொற்கள் சேர்ந்து ஒரு பொருளைக் குறிக்கின்றன என்று காட்டுவது அந்த ஒற்றுதான்.

தமிழ் இத்தகைய இடங்களில் என்ன செய்யும் என்பதற்கு நீலகிரி விடுதிகளின் பலகைகளே சான்று. குளிருக்கு வருகிறவர்களுக்காக அவற்றில் எழுதியிருப்பது ‘சூடான தண்ணீர்’ என்றில்லை. வெந்நீர் என்றுதான் எழுதியிருக்கிறது. வெம்மையும் நீரும் சேர்ந்து வெந்நீர். வெம்மையும் கதிரும் சேர்ந்து வெங்கதிர். நன்னூல் சொல்லும் பண்புப்பெயர்ப் புணர்ச்சியின்படி வெம்மையும் காற்றும் சேர்ந்தால் வெங்காற்று. இதில் புதிதாக ஆக்க வேண்டியது ஒன்றுமில்லை. பேச்சு வழக்கின் சுடுதண்ணீரைப் பின்பற்றிச் சுடுகாற்று என்றும் சொல்லலாமே எனில், விடுமுறைக்குப் புறப்படும் குடும்பத்தின் காதில் அது சுடுகாட்டை நினைவூட்டும். அனல்காற்று என்பதை வானிலைச் செய்தி ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டது.

பலூனை ஏன் விட்டுவைக்கிறேன் என்று கேட்பவர்களுக்கு: உதகை ஏரிக்கரையில் பலூன் விற்பவரிடம் கைநீட்டும் குழந்தைக்கும் தெரிந்த சொல் அது, பலூன்கள், பலூன்காரர், பலூனில் என்று தமிழ் உருபுகளை ஏற்று நடமாடுகிறது. மூலப் பொருளைப் பின்பற்றிப் பந்து என்று வைக்கலாம். ஆனால் பந்து முழுவதும் மூடியது, இதுவோ அடியில் வாய் திறந்திருப்பது. பையெனலாம்; ஏறிச் செல்லும் கலம் என்ற எண்ணம் அதில் வரவில்லை. கடன்சொல் ஒன்று மொழிக்குள் இருப்பதால் தமிழுக்கு நேரும் குறை, பொருளைத் திரிக்கும் ஆக்கத்தால் நேரும் குறையைவிடச் சிறியது என்பதே என் உறுதியான கருத்து. ஆகவே வெங்காற்றுப் பலூன்.

‘சூரிய உதய’ என்ற அடைமொழியும் சொல்லுக்குச் சொல் பெயர்த்ததால் வந்ததுதான். விடியற்காலையில் பறப்பது கதிரவன் எழும் அழகைப் பார்க்க மட்டும் அன்று. இரவில் குளிர்ந்த காற்று தாழ்ந்து படிந்திருக்கும் அந்நேரத்தில் காற்றோட்டம் அமைதியாக இருக்கும். வெயில் ஏறித் தரை சூடானதும் காற்று கொந்தளிக்கத் தொடங்கும். டிசம்பர், ஜனவரியில் தலைகுந்தாவின் தாழ்ந்த புல்வெளியில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்க, மேட்டுச் சரிவுகளில் அது காணாமலிருப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் குளிர்காற்றின் படிவு புரியும். 2,240 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தியே ஐந்தில் ஒரு பங்கு குறைவு, இறங்கச் சமவெளியும் அரிது என்பதால் நீலகிரிக்காரர்கள் இதற்காகக் கீழே பொள்ளாச்சிக்குப் போக வேண்டியிருக்கிறது. ‘விடியற்காலையில் வெங்காற்றுப் பலூன் பயணம்’ என்று உருபு கொடுத்து எழுதினால், நேரமும் கலமும் செயலும் தத்தம் இடத்தில் அமர்ந்துவிடுகின்றன. சவாரி என்பது பாரசீக வழியில் வந்த சொல். குதிரைக்கும் படகுக்கும் அது பழகிவிட்டது, வாடகை வண்டிக்காரரும் ஆள் கிடைத்தால் சவாரி கிடைத்தது என்பார். பேச்சில் அதை விலக்கச் சொல்ல மாட்டேன். எழுத்தில் பயணமே பொருந்தும்.

மொழிபெயர்ப்பாளர்கள் முழுப் பெயரோடு போராடிக் களைத்துவிடுவதாலோ என்னவோ, உறுப்புகளின் பெயர்களை ஆங்கில ஒலியிலேயே விட்டுவிடுகிறார்கள். அங்கேதான் தமிழ் தயாராக நிற்கிறது. மேலே விரியும் துணிக்கு உறை என்பது மிகச் சரியான சொல். தலையணைக்கும் வாளுக்கும் நாம் வழங்குவது அதுவே, சட்டகம் இல்லாமல் உள்ளிருப்பதன் வடிவை ஏற்பது என்ற பொருளும் அதில் அடங்கியிருக்கிறது. ஆள் நிற்பது கூடை. அதுவும் பெரும்பாலும் பிரம்பு முடைந்த கூடை, நம் மலையில் தேயிலை பறிப்பவர் முதுகில் தொங்குவதற்கும் அதே பெயர். தீயைப் பாய்ச்சுவது எரிகலன். விமானி என்று எழுதுவதைவிடப் பலூன் ஓட்டுநர் என்பதே நல்லது. திசையை அவரால் நேராகத் திருப்ப முடியாது, உயரத்தைக் கூட்டியும் குறைத்தும் வெவ்வேறு திசையில் வீசும் காற்றடுக்குகளைத் தேடிப் பிடிக்கிறார் என்பதை மட்டும் அருகே ஒரு வரியில் விளக்கிவிட்டால் போதும்.